கல்லாய்ச் சமைந்த மரங்களும் ஓர் இரவுக் கூடாரமும்

சாலை வழிப் பயணம், கூடாரமடித்துத் தங்குதல், தேசியப் பூங்கா என்று கேட்டவுடனே நம் மனம் நீலகிரிக்கும் இமயமலைக்கும் பறந்து விடுகிறது. முதுமலை என்றால் யானை. கார்பெட் என்றால் புலி! (இந்தியாவில் முதன்முதலில் தேசியப் பூங்காவானது கார்பெட்தான்; ஆண்டு 1936.) ஆனால் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் படிக்கும் நமக்கு அவ்வளவு தூரத்திற்கு வண்டிச் சத்தம் யார் கொடுப்பார்? ஆகவே பொங்கல் விடுமுறை கழிந்த முதற் சனி, ஞாயிறு இரு நாளும், எங்கள் சாரணியர் அணியினர் 22 பேர், சிஸ்டரோடும் இரு ஆசிரியையரோடும் ஒரு வேனில் அருகிலேயே ஒரு பயணம் சென்று வந்தோம். சென்ற இடம் திருவக்கரை. அங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. கல்லாகிப்போன மரங்கள் இருக்கின்றன.

நம் பக்கத்துச் சாலைகளில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்த எல்லைகள் இன்னமும் துண்டு துண்டாகவே கிடக்கின்றன. இப்போது புதுச்சேரி; ஒரு வாய்க்காலைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம்; மீண்டும் புதுச்சேரி. எத்தனை முறை எல்லை கடந்தோம் என்று எண்ணத் தொடங்கியது சண்டையில் முடிந்தது. ஒருத்தி ஐந்து என்றாள், மற்றொருத்தி ஏழு என்றாள். டிரைவர் அண்ணன், "பெட்ரோல் பங்க்ல கூட்டம் இருந்தா நம்ம ஊரு, இல்லேன்னா தமிழ்நாடு, அவ்ளோதாம்மா" என்று வழக்கைத் தீர்த்து வைத்தார்.

சங்கராபரணி ஆற்றங்கரை ஊர் திருவக்கரை. செஞ்சிக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் பிறந்து வரும் இவ்வாற்றுக்கு வராக நதி, செஞ்சியாறு என்றும் பெயர்கள் உண்டு. ஊரில் சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் புகழ்பெற்றவை. பௌர்ணமி இரவில் கூட்டம் நெரியும். வக்கிராசுரனின் எலும்புகளே இக்கற்கள் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. செம்மண் மேட்டில் அவை நீள நீளமாகக் கிடப்பதைக் கண்டபோது, அக்கதை தோன்றியதில் எங்களுக்கு வியப்பே ஏற்படவில்லை.

சோனரா என்னும் பிரெஞ்சு இயற்கை அறிஞர் 1781-இல் இவற்றைப் பற்றி எழுதி வைத்தார். 1940-இல் இவ்விடம் கல்மரப் பூங்காவாயிற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் பேணி வருகிறது. ஒன்பது பகுதிகளாக ஏறத்தாழ 247 ஏக்கர் பரப்பில், சுமார் 200 கல்மரங்கள் உள்ளன. 3 மீட்டர் நீளமுள்ளவையும் உண்டு, 15 மீட்டர் நீளமுள்ளவையும் உண்டு. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

மரம் எங்ஙனம் கல்லாகும்? வெட்டவெளியில் விழுந்த மரத்தைக் கரையானும் பூஞ்சையும் தின்று தீர்த்து விடும். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து, மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் காற்றுப் புகாமல் புதைத்து விட்டால் கதையே வேறு. மணலில் ஊறும் நீரில் சிலிக்கா சிறிதளவு கரைந்திருக்கும். அந்நீர் மரத்தின் நுண்ணிய அறைகளுள் புகுந்து சிலிக்காவைப் படிய விடுகிறது. முதலில் வெற்றிடங்கள் நிரம்புகின்றன. பின்பு மரப்பொருள் சிதையச் சிதைய, அந்த இடத்தையும் கல்லே பிடித்துக்கொள்கிறது. ஊறுகாய்ச் சாடியில் எலுமிச்சம்பழம் உப்பை இழுத்துக்கொள்வதை நினைத்துக்கொண்டோம். உவமை முழுவதும் பொருந்தாது: எலுமிச்சை மெதுவாகும், மரமோ கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமாகி விடும். ஆயினும் வடிவம் மாறுவதில்லை. வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. ஒன்றின் மீது கை வைத்தால் தச்சுப் பட்டறையில் கிடக்கும் கட்டை என்றே தோன்றுகிறது. தட்டினால்தான் கல்லென்று தெரிகிறது.

இம்மரங்களுக்குக் கிளையில்லை, இலையில்லை, வேரில்லை, பட்டையும் இல்லை. எனவே இவை இங்கு வளர்ந்தவையல்ல, எங்கிருந்தோ வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்று அறிஞர் கருதுகின்றனர். வெள்ளத்தில் வந்த மரங்கள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என்பதைக் கொண்டு பழைய நீரோட்டத்தின் திசையையும் ஊகிக்கலாமாம். ஆகையால் ஒரு துண்டு எங்கே கிடக்கிறது என்பதும் ஒரு செய்திதான். சிஸ்டர் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையை ஆட்டினோம்.

மாலையில் ஒரு சவுக்குத் தோப்புக்குத் திரும்பினோம். எங்கள் அணித்தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சொந்தமான தோப்பு அது. நான்கு கித்தான் கூடாரங்கள் அடிக்க வேண்டும். மணற்பாங்கான தரை, கயிற்றை இறுக்கினால் முளை பிடுங்கிக்கொண்டு கையோடு வருகிறது! புத்தகத்தில் படித்தபடி சாய்த்து அடித்தும் பயனில்லை. பாட்டி சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மண்ணை நனைச்சிட்டு அடிங்கடி கண்ணுங்களா" என்றார். அதுவும் போதாதென்று, முழ நீளக் கட்டையொன்றின் நடுவில் கயிற்றைக் கட்டி, அதைக் குறுக்காகக் குழியில் புதைத்து மிதிக்கச் சொன்னார். பிறகு அசையவேயில்லை. பசுவைக் கட்டும் வித்தை அது என்றார்.

கூடாரம் அடிப்போர் கவனிக்க வேண்டிய இன்னொன்று நெருப்பு. காய்ந்த சவுக்கு மிளாறு எண்ணெய் ஊற்றியது போலப் பற்றிக்கொள்ளும். ஆதலால் அடுப்பைச் சுற்றி மண் தெரியும்வரை பெருக்கி, இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு குவியல் மணலும் அருகில் வைத்த பின்னரே தீ மூட்டினோம். சாம்பார் சாதம் அடிப்பிடித்தது. சாப்பிட்டு முடித்தோம் என்பதே போதும்.

இரவு விளக்கணைக்கும் முன், எங்களுள் ஒருத்தி ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு துண்டுக் கல்லைக் காட்டினாள். விரல் நீளம், பழுப்பு நிறம், மர வரிகள் தெளிவாகத் தெரிந்தன. (அவள் பெயரை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.) அறிவியல் கண்காட்சியில் வைக்க எடுத்தாளாம். முதலில் எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம். ஒருத்திகூடத் தவறு என்று சொல்லவில்லை. தனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் நினைத்தோம். சிஸ்டர் வந்து நின்றது யாருக்கும் தெரியாது.

அவர் கடிந்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலுள்ள கல்மரக் காட்டைப் பற்றிச் சொன்னார். அங்குள்ள மரங்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. 1906 முதல் பாதுகாக்கப்பட்ட அவ்விடம் 1962-இல் தேசியப் பூங்காவாயிற்று. சுற்றிப்பார்க்க வந்து துண்டுகளை எடுத்துச் சென்றோர் பலர், மனம் உறுத்தி, சிலர் பற்பல ஆண்டுகள் கழித்தும், மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம். ஆனால் எடுத்த இடம் தெரியாததால் மீண்டும் காட்டில் போட முடிவதில்லை; போட்டால் ஆராய்வோர் ஏமாந்து போவர். எனவே வந்த கற்களைத் தனியே ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு, "நாளைக் காலையில் ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கப் போவதா, திருவக்கரைக்குப் போவதா என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள்" என்று போய்விட்டார். இரண்டுக்கும் நேரமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பறவை பார்க்க விடியற்காலையே ஏற்றது. புதுச்சேரியின் பறவைகள் சரணாலயமாக 2008-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஏரிக்காகவே பலர் இப்பயணத்திற்குப் பெயர் கொடுத்திருந்தனர். இருளில் வெகுநேரம் பேசினோம். தபாலில் அனுப்பலாமே என்றாள் ஒருத்தி. கல்லை எடுத்தவள் அழுதாள். கடைசியில் கை தூக்கச் சொன்னபோது, திருவக்கரைக்கு 14 கைகள், ஊசுட்டேரிக்கு 8.

காலையில் காவலர் எங்களைக் கண்டு, எதையோ மறந்து விட்டுப் போனோம் என்று நினைத்தார். கல்லை வாங்கி உருட்டிப் பார்த்தார். "எந்த மரத்தாண்ட எடுத்தே, பாப்பா?" என்று கேட்டார். அவள் ஒரு மரத்தைக் காட்டினாள். பிறகு இல்லை, அடுத்தது என்றாள். நாங்களும் தேடினோம். முந்தைய நாள் எங்களோடு அவள் நடந்த வழி எங்களுக்கும் நினைவில்லை. காவலர் சிரித்துவிட்டு, அதைத் தம் அறைச் சன்னல் விளிம்பில் வைத்தார். அங்கே அதுபோல் ஏழெட்டுத் துண்டுகள் முன்பே இருந்தன.

ஊசுட்டேரிக் கரையை நாங்கள் அடைந்தபோது நண்பகல். சங்கராபரணித் தண்ணீர்தான் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கும் வருகிறது என்று ஆசிரியை விளக்கினார். கானலில் பறவைகள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. அருகிலிருந்த பட்டுப்போன மரத்தில் 11 நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு, தயிர்ச்சாதப் பொட்டலங்களைப் பிரித்தோம்.