புதிய அட்டைத் தொகுப்பில் சிறந்த அட்டைகளைக் கண்டறிதல்

ட்ரேடிங் கார்டு கேம் எனப்படும் சேகரிப்பு அட்டை விளையாட்டுகளில் ஆண்டுக்குப் பல முறை புதிய தொகுப்புகள் வெளியாகின்றன. ஒரு தொகுப்பில் நூற்றுக்கணக்கான அட்டைகள் இருந்தாலும், போட்டிகளில் நிலைத்துப் பயன்படுபவை சிலவே. அந்தச் சிலவற்றை, விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே, அட்டையில் அச்சிட்டுள்ள சொற்களைக் கொண்டு இனங்காண்பதே அட்டை மதிப்பீடு ஆகும். வெளியீட்டுக்கு முன்பே அட்டைகள் விற்பனைக்கு வந்துவிடுவதால், தவறான கணிப்பு ஆட்டத்தில் மட்டுமின்றிக் கைக்காசிலும் இழப்பை உண்டாக்கும். மாணவர்களுக்கு இது சிறிய இழப்பு அன்று.

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான மேஜிக்: தி கேதரிங் விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறை இங்கே விளக்கப்படுகிறது.

விளையாட்டின் அடிப்படை

ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக் விளையாட்டை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆல்ஃபா எனப்படும் முதல் தொகுப்பில் 295 அட்டைகள் இருந்தன. இருவர் ஆடும் வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவர். எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்குவதே பொதுவான வெற்றி வழி.

ஒருவரது கட்டில் குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும். அடிப்படை நில அட்டைகள் தவிர, ஒரே பெயருள்ள அட்டை 4 படிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆட்டத் தொடக்கத்தில் 7 அட்டைகள் கைக்கு வரும். நில அட்டைகள் மானா என்னும் ஆற்றலைத் தரும். மற்ற அட்டைகளை ஆட அந்த மானாவைச் செலவிட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு நிலத்தையே வைக்க முடியும் என்பதால், விலை மிகுந்த அட்டையை ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் ஆட முடியும்.

விலையும் பயனும்

புதிய அட்டையைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இது என்ன செய்கிறது?" என்பது அன்று, "இந்த விலைக்கு இது என்ன செய்கிறது?" என்பதே. இதற்குப் பழைய அட்டைகள் அளவுகோலாகின்றன. ஆல்ஃபா தொகுப்பின் லைட்னிங் போல்ட் ஒரு சிவப்பு மானாவுக்கு 3 புள்ளிச் சேதம் செய்யும். கிரிஸ்லி பியர்ஸ் 2 மானாவுக்கு, தாக்கும் வலு 2, தாங்கும் வலு 2 கொண்ட உயிரினத்தைத் தரும். புதிய அட்டையை இவற்றோடு ஒப்பிட்டால், அது அதிகம் தருகிறதா, குறைவாகத் தருகிறதா என்பது தெரியும்.

பெரிய விளைவுகளைக் கண்டு மயங்காதிருக்கச் சிறு கணக்கு ஒன்று உதவும். 60 அட்டைகளில் 24 நிலங்கள் உள்ள கட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டாவதாக ஆடத் தொடங்குபவர் தம் ஏழாவது முறைக்குள் மொத்தம் 14 அட்டைகளைக் கண்டிருப்பார். அவற்றில் சராசரியாக 5.6 நிலங்களே இருக்கும். அதாவது, 7 மானா விலையுள்ள அட்டையை ஏழாவது முறையில் ஆட இயலாமல் போவதே பெரும்பாலும் நடக்கும். ஓர் அட்டையை 4 படிகள் வைத்திருந்தாலும் தொடக்கக் கையில் அவற்றுள் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடுதான்; ஒரே படி என்றால் 12 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே, "இந்த இரண்டு அட்டைகளும் சேர்ந்து வந்தால்" என்று தொடங்கும் திட்டங்களை ஐயத்துடனே பார்க்க வேண்டும்.

நான்கு நிலைகள்

குவாட்ரன்ட் தியரி எனப்படும் முறை ஆட்டத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: தொடக்கம், இருவரும் சமமாக நிற்கும் நிலை, நாம் முந்தியிருக்கும் நிலை, நாம் பின்தங்கியிருக்கும் நிலை. ஓர் அட்டை இவற்றில் எத்தனை நிலைகளில் உதவுகிறது என்று பார்ப்பதே இம்முறை.

லானோவர் எல்வ்ஸ் ஒரு மானா விலையுள்ள சிறு உயிரினம். அது ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு மானா தரும். தொடக்கத்தில் இதைவிட நல்ல அட்டை அரிது. ஆனால் பின்தங்கிய நிலையில் கைக்கு வந்தால் பெரிதாக உதவாது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 2019 அக்டோபரில் த்ரோன் ஆஃப் எல்ட்ரேன் தொகுப்பில் வந்த ஓகோ, தீஃப் ஆஃப் கிரவுன்ஸ். அதன் விலை 3 மானாதான். ஒரு முறை உணவு என்னும் பொருளை உருவாக்கும். அடுத்த முறை அந்த உணவையே 3/3 அளவுள்ள மானாக மாற்றும். எதிராளியின் மிகப் பெரிய உயிரினத்தையும் அவ்வாறே சிறப்புத் திறன் எதுவுமற்ற மானாக்கிவிடும். நான்கு நிலைகளிலும் பயன்பட்ட இந்த அட்டை, 2019 நவம்பரிலேயே ஸ்டாண்டர்டு வகைப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது.

சூழலின் பங்கு

ஓர் அட்டையின் வலிமை அதனுடன் ஆடப்படும் மற்ற அட்டைகளையும் பொறுத்தது. 2014இல் கான்ஸ் ஆஃப் தார்கிர் தொகுப்பில் வந்த ட்ரெஷர் குரூஸ் அட்டையின் அச்சிட்ட விலை 8 மானா. பயன், 3 அட்டைகளைக் கையில் எடுப்பது. ஆனால், ஆடி முடிந்து ஒதுங்கிய அட்டைகளை ஆட்டத்திலிருந்து அறவே நீக்கினால், நீக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா குறையும்.

புதிய தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்டு வகையில் இது தடைக்கு உள்ளாகவில்லை. பழைய அட்டைகளும் இடம்பெறும் மாடர்ன், லெகசி வகைகளில் மலிவான மந்திர அட்டைகள் ஏராளம். ஒதுங்கிய அட்டைகள் விரைவில் குவிந்துவிடும். அங்கே 8 மானா அட்டை பல வேளைகளில் ஒரே மானாவுக்கு ஆடப்பட்டது. ஒரு மானாவுக்கு 3 அட்டைகள் என்பது, 1993இல் வந்து இன்றளவும் மிக வலிமையானவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் ஆன்செஸ்ட்ரல் ரீகால் தரும் பயன். 2015 ஜனவரியில் அவ்விரு வகைகளிலும் ட்ரெஷர் குரூஸ் தடை செய்யப்பட்டது.

அரிதும் வலிமையும்

அட்டைகள் காமன், அன்காமன், ரேர் என்று கிடைக்கும் அளவைப் பொறுத்துப் பிரிக்கப்படுகின்றன. 2008இல் ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா தொகுப்பிலிருந்து மிதிக் ரேர் என்னும் பிரிவும் சேர்ந்தது. அரிதாகக் கிடைப்பது வலிமையானது என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் லைட்னிங் போல்ட், ட்ரெஷர் குரூஸ் இரண்டும் காமன் பிரிவில் வெளிவந்தவை. அரிது என்பது பொதியில் கிடைக்கும் வாய்ப்பையே காட்டும். ஆட்டத்தில் பயன்படும் அளவைக் காட்டாது.

தவறிய கணிப்புகள்

1995இல் ஐஸ் ஏஜ் தொகுப்பில் வந்த நெக்ரோபோட்டன்ஸ் தொடக்கத்தில் பலரால் மட்டமான அட்டையாக மதிப்பிடப்பட்டது. வழக்கமாக ஒவ்வொரு முறையும் எடுக்கும் அட்டையை அது நிறுத்திவிடும். அதற்கு மாறாக, ஓர் உயிர்ப்புள்ளியைக் கொடுத்து ஓர் அட்டை பெறலாம். உயிர்ப்புள்ளியை இழப்பது தோல்வியை நோக்கிச் செல்வது என்று பலர் கருதினர். உண்மையில், தோல்வியைத் தருவது கடைசிப் புள்ளி மட்டுமே. மற்றவை செலவிடத்தக்க பணம் போன்றவை. 1996இல் இந்த அட்டை போட்டிகளை ஆண்டதால் அக்காலம் பிளாக் சம்மர் என்றே அழைக்கப்படுகிறது.

உருவாக்கியவர்களும் தவறியதுண்டு. 2004இல் டார்க்ஸ்டீல் தொகுப்பில் வந்த ஸ்கல்கிளாம்ப், ஓர் உயிரினத்தில் பொருத்தும் கருவி. அந்த உயிரினம் இறந்தால் 2 அட்டைகள் கிடைக்கும். தயாரிப்பின் இறுதிக் கட்டத்தில், இக்கருவி தாங்கும் வலுவை ஒன்று குறைக்கும் என்று மாற்றினர். குறையாகத் தோன்றிய அதுவே பெரும்பலமாயிற்று. தாங்கும் வலு 1 உள்ள சிறு உயிரினத்தில் பொருத்தியதுமே அது இறந்துவிடும். ஒரு மானாவுக்கு 2 அட்டைகள் கைக்கு வரும். அன்காமன் பிரிவில் வந்த இந்த அட்டை அதே ஆண்டு ஜூனில் ஸ்டாண்டர்டு வகையில் தடை செய்யப்பட்டது.

இவ்விரு அட்டைகளும் கற்பிப்பது ஒன்றே: அட்டையில் குறைபோலத் தெரியும் வரியை இருமுறை படிக்க வேண்டும், அந்தக் குறையை யாரேனும் நிறையாக மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

தரவுகளின் உதவி

மேஜிக்: தி கேதரிங் அரினா என்னும் இணையவழி ஆட்டம் வந்தபின் தரவுகளும் கிடைக்கின்றன. 17லேண்ட்ஸ் என்னும் தளம், தன் பயனர்கள் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்து, ஓர் அட்டை கைக்கு வந்த ஆட்டங்களில் எத்தனை விழுக்காடு வெற்றி கிடைத்தது என்று காட்டுகிறது. இந்த எண்ணை 50 விழுக்காட்டுடன் ஒப்பிடுவது பிழை. அத்தளத்தின் பயனர்கள் சராசரி ஆட்டக்காரர்களைவிடத் திறமையானவர்கள். அவர்களது பொதுவான வெற்றி விழுக்காட்டுடனே ஒப்பிட வேண்டும். மேலும், வலிமையான நிறத்தில் உள்ள சாதாரண அட்டையும் அந்நிறத்தின் வெற்றியால் உயர்ந்து தெரியும்.

புதியவர்களுக்கான வழி

புதிய தொகுப்பு வெளியாகும்போது, முதலில் மலிவான விலையுள்ள அட்டைகளைப் படிக்கலாம். ஒவ்வொன்றையும் அதே விலையுள்ள ஒரு பழைய அட்டையுடன் ஒப்பிட்டு, நான்கு நிலைகளிலும் வைத்துப் பார்த்து, எந்தக் கட்டில் சேரும் என்று எழுதி வைக்கலாம். ஒரு மாதம் கழித்துப் போட்டி முடிவுகளுடன் அந்தக் குறிப்புகளை ஒப்பிட்டால், எந்த வகை அட்டைகளில் நம் கணிப்பு தவறுகிறது என்பது புலப்படும். இந்தப் பயிற்சிக்கு அட்டைகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. புதிய தொகுப்பின் அட்டைகள் அனைத்தும் வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படுகின்றன.