விண்கப்பல் அதிகாரிகளின் சட்டை

துணியின் குணம் சலவையிலும் உடலிலும் தெரியும் என்பதை நெசவாள அன்பர்கள் அறிவர். வருங்கால விண்கப்பல் ஒன்றைப் பற்றிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் இதற்குச் சான்றுண்டு.

1966-இல் தொடங்கிய முதல் தொடரின் உடைகளை வகுத்தவர் வில்லியம் வேர் தீஸ். அதிகாரியின் பதவியைக் கைப்பட்டையிலுள்ள கோடுகளும், பணிப்பிரிவைச் சட்டையின் நிறமும் காட்டின. கப்பல் தலைவர் கிர்க்குக்குப் பொன்னிறம். ஆனால், அந்தப் பொன்னிறம் உண்மையில் பச்சை! படப்பிடிப்பு விளக்கொளியிலும் படச்சுருளிலும் அது மஞ்சளாய்த் தோன்றிற்று. விளக்கடியில் சாயம் பார்த்து ஏமாந்தவர் நம்முள்ளும் உண்டு. துணியோ வெலூர், நம் வேலூர் அன்று, வெல்வெட்டைப் போன்றதொரு துணி. வெளுக்குந்தோறும் அது சுருங்கியது. மூன்றாம் ஆண்டில் அதைக் கைவிட்டுச் செயற்கை இழைப் பின்னல் துணிக்கு மாறினர்.

1987-இல் வந்த அடுத்த தொடரில் பிழை இன்னும் பெரிது. இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் துணியில், உடலளவினும் சிறியதாக, கழுத்து முதல் கால்வரை ஒரே உடுப்பாகத் தைத்தனர். தலைவர் பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு முதுகுவலி கண்டது. தைக்குமுன் அணிபவரைக் கேட்டிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

1989-இல் ராபர்ட் பிளாக்மன் பொறுப்பேற்று, கம்பளி காபர்டீனில் மேற்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியே அமைத்தார். மேலதிகாரிகளாக நடித்த ஆடவருக்கு அவை முதலில் கிடைத்தன. கதையில் எளிய பணியாளராக வந்துபோன துணை நடிகர்களோ ஸ்பாண்டெக்ஸ் உடுப்பிலேயே தொடர்ந்து நின்றனர்.