அழுகிறது, கண்ணீர் இல்லை

வன்னியில் ஆடி மாதம் என்றாலே சோளகக் காற்றும் வற்றிய கிணறுகளுமே நினைவுக்கு வரும். கிணற்றடியில் கலங்கல் நீரே எஞ்சும் அந்நாட்களிலும், மார்கழி வெள்ளம் மலக்குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிடும் நாட்களிலும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் காண்பது வழக்கம். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தத்தளித்ததை எவர் மறந்தார்?

இந்நோயில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமியன்று. நீரும் உப்பும் உடலைவிட்டு நீங்குவதேயாகும். 10 கிலோ நிறையுள்ள பிள்ளை அரை லீற்றர் நீரை இழந்தாலே வாட்டம் தெரியத் தொடங்கும். ஒரு லீற்றர் இழந்தால் உயிருக்கே ஆபத்து. அரை லீற்றர் என்பது எவ்வளவு? இரண்டு மூன்று தேநீர்க் கோப்பைகள், அவ்வளவே!

ஆகவே, எத்தனை தடவை போயிற்று என்று எண்ணுவதோடு தாய்மார் நின்றுவிடலாகாது. பிள்ளையைப் பார்க்கவேண்டும். கண்கள் குழிவிழுந்துள்ளனவா? அழும்போது கண்ணீர் வருகின்றதா? நாக்கு உலர்ந்துள்ளதா? சிறுநீர் குறைந்துள்ளதா? கைக்குழந்தையாயின் உச்சிக்குழி உள்வாங்கியுள்ளதா? பின்னர், தொப்புளுக்கும் விலாவுக்கும் இடையே வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லப் பிடித்துயர்த்தி விடுங்கள். உடனே படிந்தால் நன்று. மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்துள்ளது. இரண்டு வினாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் நிலைமை மிகக் கடுமை. ஆயின் மெலிந்த பிள்ளையின் தோல் நோயில்லாதபோதும் மெதுவாகவே படியும். கொழுத்த பிள்ளையின் தோலோ நீர் வற்றியபோதும் விரைந்து படியும். ஒரேயோர் அடையாளத்தை நம்பி முடிவுசெய்யாதீர்கள்.

சிணுங்கிக்கொண்டு, நீரைக் கண்டதும் தாவிக் குடிக்கும் பிள்ளைக்கு நீர் தேவை. சிணுங்குவதையும் விட்டுச் சோர்ந்து கிடப்பதும், குடிக்க இயலாதிருப்பதுமே பேரபாயம். “பிள்ளை இப்பதான் அமைதியாப் படுத்திருக்கு” என்று ஆறுதலடையும் வீடுகளை நினைத்தால் நெஞ்சம் பதைக்கின்றது.

“வயித்தாலை போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதை” என்பார் எங்கள் அயலில் ஒரு பாட்டி. அன்பினாற் சொன்னதுதான், எனினும் தவறு. 1971இல் வங்க அகதிகளிடையே கொலரா பரவி, ஏற்றுவதற்குச் சேலைன் போதாது போனபோது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் பொங்கான் முகாமில் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரையே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. நம் பாமசிகளில் கிடைக்கும் ஜீவனியும் அவ்வகைப்பட்டதே. முழுப் பொட்டலத்தையும், அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, ஒரு நாளைக்குள் பயன்படுத்துங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம், கஞ்சியும் கொடுக்கலாம். சோடா வேண்டாம்.

மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்த யாவும் சத்தியாய்ப் போனாலோ, பிள்ளை சோர்ந்தாலோ ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலிருந்து வழி நெடிது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விழிப்போடு விழுங்கக்கூடிய பிள்ளையாயின், அது வரும்வரையிலும் வழிநெடுகிலும் ஜீவனியைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.