அலுமினியத் துப்பாக்கிப் பாகங்களின் நிறவேறுபாடு

யூஜீன் ஸ்ரோனர் வகுத்த அமைப்பிலிருந்து தோன்றி, 1960களில் அமெரிக்கப் படையினர் கைக்கொண்ட எம்-16 துப்பாக்கியின் மேற்கூடும் கீழ்க்கூடும் எப்பொழுதும் ஒரே நிறத்தனவாய் இருப்பதில்லை. ஒன்று சாம்பல் நிறமாயிருக்க, மற்றொன்று ஊதா கலந்து தோன்றுவதுண்டு. காண்போர் இதனை மட்டமான வண்ணப்பூச்சின் விளைவென எண்ணுதல் இயல்பே. ஆயின், ஆங்கு வண்ணம் பூசப்படவேயில்லை.

அலுமினியத்தைச் சல்பூரிக்கமிலக் கரைசலில் அனோட்டாக, அதாவது நேர்மின்வாயாக, அமைத்து மின்னோட்டத்தைச் செலுத்தின் அதன் மேற்பரப்பு ஒட்சைட்டாக மாறும். இதுவே அனோட்டாக்கல் எனப்படும். படைக்கலங்களுக்கு வன்மை வேண்டுமாதலின், அமிலத்தை உறைநிலைக்கு அண்மையிற் குளிர்வித்து வலிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். இவ்வாறு பெறும் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 50 மைக்கிரோன். அதாவது ஒரு மில்லிமீற்றரின் 20 இல் ஒரு பங்கு. அதிற் பாதி உலோகத்தை உட்கொண்டு உள்நோக்கியும் பாதி புறநோக்கியும் வளரும். கெல்லர், ஹன்ரர், ரொபின்சன் ஆகியோர் 1953 இல் விளக்கியவாறு, இப்படலம் தேனடை போன்ற அறுகோணக் கலங்களாலாயது. ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் ஒரு நுண்டுளை உண்டு. கரிய சாயம் அத்துளைகளிற் புகுந்து தங்கும். பின்னர்க் கொதிநீரிலோ நிக்கல் அசற்றேற்றுக் கரைசலிலோ அமிழ்த்தித் துளைவாய்களை அடைப்பர்.

ஆகவே, நிறத்தை ஆக்குவதில் உலோகத்திற்கும் பங்குண்டு. கூடுகள் 7075 என்னும் கலப்புலோகத்தாலானவை. அதில் நாகம் 5.6 வீதமளவும் செம்பு 1.6 வீதமளவும் உள. பின்புறத்துச் சுருள்வில்லை அடக்கிய குழாயைச் சில உற்பத்தியாளர் மகனீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061 இல் ஆக்குவர். சாயமிடாத வன்படலமே கலப்புலோகத்திற்கும் தடிப்பிற்கும் ஏற்பச் சாம்பலாகவோ வெண்கலப் பழுப்பாகவோ அமையுமெனின், அதன்மேற் சேரும் சாயம் எங்ஙனம் ஒத்திருக்கும்? ஒரே தொட்டியில் ஒருங்கே அமிழ்ந்தவையும் வேறுபடலாம். மின்தொடர்பு தளர்ந்த பாகத்திற் படலம் மெலியும்; சாயமும் குறையும். மணலெறிந்து சொரசொரப்பாக்கிய பரப்பு ஒளியைச் சிதறடித்து மங்கித் தோன்றும்; மெருகிட்ட பரப்போ மின்னும். குழலைப் பற்றிக் கூறவே வேண்டா. அஃது உருக்காலானது, பொசுபேற்றுப் பூச்சுப் பெறுவது.

ஊதா நிறம் பெரும்பாலும் பின்னர் வருவது. கரிய சாயம் சேதனப் பொருளாதலின், வெயிலின் ஊதாகடந்த கதிர்களால் அதன் கருமை குன்ற, மறைந்திருந்த செவ்வூதாச் சாயல் வெளிப்படும். துளைவாய்கள் செவ்வனே அடைபடாத பாகத்தில் இது விரைந்து நிகழும். சாயம் மங்கினும் ஒட்சைட்டுப் படலம் அழிவதில்லை. உராய்வைத் தாங்குவதும் அப்படலமேயன்றிச் சாயமன்று.

நிறத்தை ஒப்பாக்கக் கருதிப் படலத்தைக் கரைத்துவிட்டு மீண்டும் அனோட்டாக்குவாரும் உளர். கரையும் படலத்தோடு அது முன்னர் உட்கொண்ட 25 மைக்கிரோன் உலோகமும் போய்விடும். துளையொன்றின் இருபுறமும் இவ்வாறு தேய்வதால் அதன் விட்டம் 50 மைக்கிரோன் பெருகும். அதிற் செருகிய ஊசி தளரும்.