கழன்றதா? கழற்றினார்களா?

ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. அம்மா பையனைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் திருகுடா" என்கிறாள். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிறான். மூடி முன்னைவிட நன்றாக இறுகிவிடுகிறது!

அம்மாவுக்குக் கோபம் வருகிறது. ஆனால் பையன்மீது குற்றம் இல்லை. திருகச் சொன்னாள், திருகினான். எந்தப் பக்கம் திருகுவது என்பது அந்தச் சொல்லில் இல்லையே!

திருகுதல் என்றால் முறுக்கிச் சுற்றுதல். மூடுவதற்கும் அதே சொல்தான். திறப்பதற்கும் அதே சொல்தான். "திருகி மூடு", "திருகிக் கழற்று" என்று இன்னொரு சொல் துணைக்கு வந்தால்தான் செய்ய வேண்டிய வேலை தெரியும்.

திரி, திரும்பு, திருகு எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். பயறு உடைக்கும் திருகையும், தோட்டைப் பிடித்து நிறுத்தும் திருகாணியும் அந்தக் குடும்பம்தான். ஸ்குரு டிரைவருக்குத் திருப்புளி என்ற நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. திருப்புகிற உளி அது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்

மாட்டியிருப்பதை எடுப்பதற்குத் தமிழில் ஒரு சொல் போதாது. முடிச்சு என்றால் அவிழ்க்க வேண்டும். நூலில் கோத்த மணி என்றால் உருவ வேண்டும். மூட்டை என்றால் பிரிக்க வேண்டும். சட்டை, செருப்பு, மோதிரம், மூக்குக் கண்ணாடி, மரை போட்ட ஆணி இவற்றையெல்லாம் கழற்ற வேண்டும்.

வேட்டியைக் "கழற்றினான்" என்றோ, ஆணியை "அவிழ்த்தான்" என்றோ சொல்லிப் பாருங்கள். குழந்தைகூடச் சிரிக்கும். யாரும் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது.

தானாகவா, ஆளாலா?

சுழல் - சுழற்று, அகல் - அகற்று. அதைப் போலத்தான் கழல் - கழற்று. முதலாவது தானாக நடப்பது. இரண்டாவது ஒருவர் செய்வது. பேச்சில் "கழண்டுபோச்சு", "கழட்டிட்டான்" என்கிறோம். எழுதும்போது கழன்றது, கழற்றினான் என்று எழுதுகிறோம்.

"தோடு கழன்றுவிட்டது" என்று ஒரு பெண் சொன்னால், வீடு முழுவதும் குனிந்து தேடும். "தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்" என்றால் கதையே வேறு. அது அடகுக் கடை வரை போயிருக்கும்!

இந்த ஓர் எழுத்து வித்தியாசம் ஒரு பெரிய ரயில் விபத்தில் முக்கியக் கேள்வியாக எழுந்தது. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் நேர்ப் பாதையில் போக வேண்டியது. பக்கத்துப் பாதையில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயில்மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. தண்டவாளம் பிரியும் இடத்தில் போல்ட்டும் நட்டும் கழன்றிருந்தன.

அவை தாமாகக் கழன்றனவா? யாராவது கழற்றினார்களா? ரயில்வே அதிகாரிகளும் போலீசாரும் துருவித் துருவி விசாரித்தது இதைத்தான். கழன்றது என்றால் பராமரிப்பில் கோளாறு. கழற்றினார்கள் என்றால் சதி!

தளர்த்துவது வேறு

கார் டயர் பஞ்சராகிவிட்டால், பழகிய டிரைவர் உடனே ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கமாட்டார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்துவார். பிறகு தூக்குவார். அதன் பிறகுதான் கழற்றுவார். முதலிலேயே தூக்கிவிட்டால், ஸ்பானரை அழுத்தும்போது சக்கரம் சுற்றும். வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்து ஆளின்மேல் விழுந்தாலும் விழும். தளர்த்து என்பதும் கழற்று என்பதும் ஒன்றல்ல என்று தெரியாத புதுப் பையன்களைப் பட்டறையில் ஜாக்கிப் பக்கமே விடமாட்டார்கள்.

மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ் வைத்திருந்த வீடுகளிலும் இந்தப் பாடம் உண்டு. அடுப்பை அணைத்து, காற்றுத் திருகைத் தளர்த்தி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிய பிறகே எண்ணெய் மூடியைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டவர்கள்மேல் எண்ணெய் பீறிட்டு அடித்தது.

எந்தப் பக்கம்?

கடிகார முள் ஓடும் பக்கம் திருகினால் இறுகும். எதிர்ப் பக்கம் திருகினால் கழலும். பெரும்பாலான மூடிகளுக்கும் ஆணிகளுக்கும் இதுதான் வழக்கம்.

ஆனால் சில இடங்களில் எல்லாம் தலைகீழ்! சைக்கிளின் இடப்பக்கப் பெடலைக் கழற்ற, கடிகார முள் ஓடும் பக்கமாகவே திருப்ப வேண்டும். மிதிக்க மிதிக்கத் தானே தளர்ந்து விழாமல் இருப்பதற்காக மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். மேஜை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் முன்பக்கத் திருகும் பெரும்பாலும் இப்படித்தான். தெரியாமல் பலம் காட்டி அதை உடைத்தவர்கள் பலர்.

வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் உருளைக்கு வழக்கமான மரை. எரியும் வாயுவான அசிட்டிலீனுக்கு எதிர் மரை. ஒன்றின் இணைப்பை மறந்துபோய்க்கூட மற்றொன்றில் மாட்ட முடியாது. மாட்ட முடிந்தால் என்ன ஆகும் என்று வெல்டரைக் கேட்டால் தெரியும்.

துருப்பிடித்த நட்டு அசையவில்லையா? துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால்தான் அந்தப் பிடி. சிறிது எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அளவு அசைத்துவிட்டு, அப்புறம் எதிர்ப் பக்கம் திருப்புவார் மெக்கானிக். ஊறுகாய் பாட்டிலின் தகர மூடிக்கு வெந்நீர் போதும். கண்ணாடியைவிட உலோகம் அதிகமாக விரியும். மூடி தளர்ந்து கொடுக்கும்.

மனிதர்களையும்!

இந்தச் சொல் இரும்போடு நிற்கவில்லை. கூட்டாளியைக் "கழற்றிவிடுகிறார்கள்". வேலை வந்ததும் சிலர் மெல்லக் "கழன்றுகொள்கிறார்கள்". புத்தி பேதலித்தவனை "மரை கழன்றவன்" என்று கேலி பேசுகிறார்கள். அவன் வீட்டாரின் வேதனை கேலி பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. "நீ என்னத்தைக் கழட்டினே?" என்று கேட்டால், ஒன்றும் சாதிக்கவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவு தாராளமாகப் புழங்கும் சொல்லை ஓரிடத்தில் மட்டும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். அது தாலி. கல்யாணமான சில நாட்களிலோ மாதங்களிலோ தாலியை எடுத்து, மணிகளும் குண்டுகளும் சேர்த்துப் புதிதாகக் கோத்துக் கட்டும் சடங்கு பல குடும்பங்களில் உண்டு. அங்கே "தாலியைக் கழற்று" என்று எந்தக் கிழவியும் சொல்லமாட்டாள். "தாலி பிரித்துக் கோக்கிறோம்" என்பாள். சில வீடுகளில் பிரிப்பது என்ற பேச்சும் கிடையாது. "நாளைக்குத் தாலி பெருக்குகிறோம், வந்துவிடுங்கள்" என்று அழைப்பார்கள்.