நத்தையின் முட்டை, வௌவாலின் குட்டி

ஜொகூரில் வயலோரக் கால்வாய்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், புல் தண்டிலும் சிமெண்டுச் சுவரிலும் ரோஸ் நிறக் கொத்துகள் ஒட்டியிருப்பது கண்ணில் படும். தங்க ஆப்பிள் நத்தையின் முட்டைகள் அவை. மலாயில் இந்த நத்தைக்கு சிப்புட் கொண்டாங் எமாஸ் என்று பெயர்.

தென்னமெரிக்காவின் நன்னீர் நத்தை இது. உண்பதற்கென்று 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்க ஆளில்லாமல் போகவே, வயலுக்குள் இறங்கி நாற்றைத் தின்னத் தொடங்கியது. மலேசியாவில் 1991இல் சிலாங்கூரின் பூச்சோங்கில் முதலில் கண்டார்கள்.

அதை ஒழிக்க முடியாததற்கு அதன் உடலமைப்பே காரணம். செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால், உள்ளேயிருந்தபடியே குழாய் போன்ற உறுப்பை மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். வயல் காய்ந்தால் ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும். முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே இடுவதால் மீனுக்கு எட்டாது. முட்டைக்குள் நரம்பைத் தாக்கும் நச்சுப்புரதம் இருப்பதால் மற்ற பிராணிகளும் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள். இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும்.

நத்தை இப்படிப் பெருக, டுரியான் மரத்துக்கு இருட்டியதும் வரும் குகைத்தேன் வௌவாலோ ஒரு சூலில் ஒரே குட்டிதான் ஈனும். பறக்கத் தெரியும்வரை தாய்தான் அதைக் காக்க வேண்டும். பத்து வௌவால் வலையில் சிக்கினால், அந்த இழப்பு ஈடாக ஆண்டுகள் ஆகும். பழத்தைத் தின்ன வருகிறது என்று நினைத்துச் சிலர் விரட்டுகிறார்கள். உண்மையில் அது நீண்ட நாக்கால் தேனையும் மகரந்தத்தையும் உண்ணும் பிராணி. பூச்சி பிடிக்கும் வௌவால்களைப் போலத் தொண்டையால் ஒலியெழுப்பி வழி காண்பதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பும். கும்மிருட்டில் சிறகால் ‘டிக் டிக்’ என ஒலியெழுப்பித் தடம் அறிகிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள்.

டுரியான் பூ மாலையில் விரிந்து, விடிவதற்குள் உதிரத் தொடங்கும். பல டுரியான் வகைகள் காய்க்க வேறு மரத்து மகரந்தம் வேண்டும். அந்த ஓரிரவில் அதைச் சுமந்து செல்பவற்றில் முதன்மையானது இந்த வௌவால்.

ஆனால் டுரியான் பூப்பது சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் இந்த வௌவால் பெத்தாயையும் காட்டு வாழையையும் சதுப்புநிலத்து பெரெம்பாங் மரங்களையும் தேடிப் போகும். பத்துமலைக் குகை வௌவால்கள் 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சதுப்புநிலப் பூக்களுக்குப் பறந்து போனதை 1976இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. கடலோரச் சதுப்புக்காட்டை வெட்டினால், உள்ளூர்த் தோட்டத்தில் டுரியான் காய்ப்பும் குறையக்கூடும். ஜொகூரின் சதுப்புநிலங்களான தஞ்சோங் பியாயும் பூலாவ் குக்குப்பும் 2003இலேயே உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. பட்டியலுக்கு வெளியே இருக்கும் சதுப்புநிலங்களுக்கும் அந்தக் காவல் வேண்டும்.