மெயில் சர்வருக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் என்ன உறவு?

சென்ட்ஓஎஸ் 6 ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய சர்வர். அதில் அந்த லினக்ஸோடு வந்த மைஎஸ்க்யூஎல் 5.1. அதை 5.5-க்கு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. புதிய ஆர்பிஎம் கோப்புகளை இறக்கி நிறுவப் பார்த்தால், "இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கும் மைஎஸ்க்யூஎல்-லிப்ஸ் பேக்கேஜோடு மோதுகிறது" என்று திரை நிறைய பிழைச் செய்தி. சரி, மோதுகிற பழசைத் தூக்கிவிடுவோம் என்று யம் கட்டளையிடம் சொன்னேன். கேள்வி கேட்டு நிற்காமல் இருக்க, எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தானே பதில் சொல்லும் குறியையும் சேர்த்தே கொடுத்தேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. அந்தக் குறி இல்லாமல் கொடுத்திருந்தால், நீக்கப் போகும் பட்டியலைக் காட்டிவிட்டு யம் ஒரு நிமிடம் நின்றிருக்கும். பட்டியலில் மைஎஸ்க்யூஎல்-லிப்ஸ் மட்டும் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ், க்ரோனி, க்ரோனி-அனக்ரான், க்ரான்டாப்ஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. அதாவது மெயில் அனுப்பும் நிரலும், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரலும் சேர்ந்தே போய்விட்டன.

டேட்டாபேஸ் ஜம்மென்று 5.5-ல் எழுந்தது. எல்லாரும் சந்தோஷம். 19 நாள் கழித்து ஒருவர் தவறுதலாக ஒரு டேபிளை அழித்துவிட்டு, "நேற்றைய பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுங்க" என்று வந்தார். நேற்றைய பேக்கப் இல்லை. முந்தாநாளும் இல்லை. இரவு 2 மணிக்கு பேக்கப் எடுக்கும் க்ரான் வரி, ஸ்பூல் அடைவில் பத்திரமாக அப்படியே இருந்தது. அதைப் படித்து ஓட்டத்தான் ஆள் இல்லை. பேக்கப் ஓடவில்லை என்று எச்சரிக்கை அனுப்ப மெயிலும் இல்லை. அந்த 19 நாள் வேலையைக் காகித ரசீதுகளைப் பார்த்துத் திரும்ப உள்ளிட வேண்டியதாயிற்று.

ஒரு டேட்டாபேஸ் லைப்ரரியை எடுத்தால் மெயிலும் க்ரானும் ஏன் போக வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால், இந்த மாதிரிச் சிக்கலில் பாதி தானே அவிழ்ந்துவிடும்.

யார் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்

போஸ்ட்ஃபிக்ஸ், மெயில் முகவரிகளின் பட்டியலைச் சாதாரணக் கோப்பிலிருந்தும் படிக்கும், மைஎஸ்க்யூஎல் டேபிளிலிருந்தும் படிக்கும். நம்மில் பலர் இரண்டாவது வசதியைத் தொட்டதே இல்லை. ஆனால் சென்ட்ஓஎஸ் 6-ல் வரும் போஸ்ட்ஃபிக்ஸ், அந்த வசதியையும் உள்ளே வைத்துத் தொகுக்கப்பட்டது. அதனால் அது எழுந்து நிற்கவே மைஎஸ்க்யூஎல்லின் கிளையன்ட் லைப்ரரி வேண்டும். நீங்கள் அந்த வசதியைப் பயன்படுத்துகிறீர்களா என்பது பேச்சே இல்லை. (டெபியனில் இந்த வசதி போஸ்ட்ஃபிக்ஸ்-மைஎஸ்க்யூஎல் என்று தனி பேக்கேஜாகப் பிரிந்திருக்கிறது. அதனால் அங்கே இந்தக் கூத்து இல்லை.)

க்ரோனியின் கதை வேறு. க்ரான் தன் வேலைகளின் வெளியீட்டை மெயிலாக அனுப்பும். ஆகவே மெயில் அனுப்பும் நிரல் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அதன் பேக்கேஜில் எழுதி வைத்திருக்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் போனால் அந்த நிபந்தனை உடைகிறது, க்ரோனியும் போகிறது. லைப்ரரியைப் பிடித்துக்கொண்டு மெயில், மெயிலைப் பிடித்துக்கொண்டு க்ரான், க்ரானைப் பிடித்துக்கொண்டு நம்ம பேக்கப். கடைசிக் கண்ணி மட்டும் எந்த பேக்கேஜிலும் எழுதப்படவில்லை. அது நம் தலையில் மட்டும் இருக்கிறது.

பேக்கேஜ் பெயர் இல்லை, ஒரு எண்

இன்னொரு நுணுக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் "எனக்கு மைஎஸ்க்யூஎல்-லிப்ஸ் வேண்டும்" என்று கேட்பதில்லை. "லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட், எண் 16 வேண்டும்" என்றுதான் கேட்கிறது. லைப்ரரிக் கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் அந்த எண், அதை எழுதியவர்கள் கொடுக்கும் ஒரு வாக்குறுதி. எண் மாறாத வரை, பழைய நிரல்கள் கூப்பிடும் முறை அப்படியே வேலை செய்யும். முறை மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும். மைஎஸ்க்யூஎல் 5.1-ல் அது 16. 5.5-லும் 5.6-லும் 18. 5.7-ல் 20. 8.0-ல் 21.

ஆகவே 5.5 நிறுவினால் 18 கிடைக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் கேட்பது 16. புதுசு பழசை விட நல்லதுதானே, அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றால் கூடாது. 18-ஐ 16 என்று காட்டி ஒரு சிம்லிங்க் போட்டு ஏமாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரல் எழுந்துவிடும், ஆனால் எப்போது எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

இதே காரணத்தால்தான், "மைஎஸ்க்யூஎல்-லிப்ஸ் யாருக்கு வேண்டும்" என்று பேக்கேஜின் பெயரைச் சொல்லி ஆர்பிஎம்மிடம் கேட்டால் பதிலில் போஸ்ட்ஃபிக்ஸ் வராது. கேள்வியில் லைப்ரரியின் பெயரையும் எண்ணையும் கொடுக்க வேண்டும். இதைவிட எளிய வழி, ஆர்பிஎம்மின் நீக்கும் கட்டளையோடு 'டெஸ்ட்' குறியைச் சேர்ப்பது. எதையும் நீக்காது, நீக்கினால் யாரெல்லாம் கத்துவார்கள் என்று மட்டும் சொல்லும். எந்த மேம்படுத்தலிலும் முதல் கட்டளை இதுவாக இருக்கட்டும்.

வலுக்கட்டாயம் வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு 'நோடெப்ஸ்' குறி. சார்புகளைப் பார்க்காமல் நீக்கு என்று அர்த்தம். இப்படிச் செய்தால் போஸ்ட்ஃபிக்ஸ் நீங்காது. ஆனால் அடுத்த முறை அது எழும்போது, லைப்ரரியைக் காணோம் என்று சொல்லிப் படுத்துவிடும். மருத்துவர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டால் காய்ச்சல் போய்விடுமா?

சரியான தீர்வு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. எண் வேறு என்பதால் 16-ம் 18-ம் ஒரே அடைவில் சண்டையில்லாமல் இருக்கலாம். அதற்காகவே மைஎஸ்க்யூஎல்காரர்கள் பழைய லைப்ரரிகளை மட்டும் சுமக்கும் ஒரு பேக்கேஜ் தருகிறார்கள். தனித்தனி ஆர்பிஎம்மாக இறக்கினால் அதன் பெயர் மைஎஸ்க்யூஎல்-ஷேர்ட்-கம்பாட். அவர்களுடைய யம் களஞ்சியத்தில் மைஎஸ்க்யூஎல்-கம்யூனிட்டி-லிப்ஸ்-கம்பாட். சர்வரை நிறுவும்போது இதையும் சேர்த்து நிறுவினால், போஸ்ட்ஃபிக்ஸ் கேட்ட 16 அதற்குக் கிடைத்துவிடுகிறது. யாரும் வெளியேற வேண்டியதில்லை.

இங்கே முக்கியமானது 'சேர்த்து' என்ற சொல். முதலில் நீக்கிவிட்டுப் பிறகு நிறுவலாம் என்றால், நடுவில் ஒரு கணம் லைப்ரரியே இல்லாத நிலை வரும். பேக்கேஜ் மேலாளர் அந்தக் கணத்தைத்தான் மறுக்கிறது. நீக்குவதும் நிறுவுவதும் ஒரே பரிவர்த்தனையாக இருந்தால் அது கடைசி நிலையை மட்டும் பார்க்கும். சென்ட்ஓஎஸ் 6-ல் இதற்கு யம் ஷெல் இருக்கிறது. நீக்க வேண்டியதையும் நிறுவ வேண்டியதையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஓட்டச் சொல்லலாம். சென்ட்ஓஎஸ் 7-ல் இதே வேலைக்கு 'ஸ்வாப்' என்று ஒரே கட்டளை வந்துவிட்டது. அங்கேயும் நாடகம் இதேதான். மரியாடிபி-லிப்ஸ் என்ற பெயரில் 18 இருக்கும், அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும்.

"முடிந்தது" என்று வந்த பிறகு

பேக்கேஜ் மேலாளருக்குத் தெரிந்தது எழுதி வைத்த சார்புகள் மட்டும். எழுதாதவை நம் பொறுப்பு.

முதலாவது, மை.சிஎன்எஃப் கோப்பு. சென்ட்ஓஎஸ் 6-ல் அது மைஎஸ்க்யூஎல்-லிப்ஸுக்குச் சொந்தம். அந்த பேக்கேஜை நீக்கினால், நீங்கள் திருத்தி வைத்த கோப்பு 'ஆர்பிஎம்சேவ்' என்ற வாலோடு ஓரமாகப் போய்விடும். புதிய சர்வர் உங்கள் அமைப்புகள் இல்லாமல் எழும். சரி என்று பழைய கோப்பை அப்படியே திரும்ப வைத்தாலும் எழாமல் போகலாம். சர்வர் பகுதியில் டீஃபால்ட்-கேரக்டர்-செட் என்ற வரி இருந்தால் 5.5 அதை ஏற்காது. கேரக்டர்-செட்-சர்வர் என்று மாற்ற வேண்டும்.

இரண்டாவது, டேட்டா. மைஎஸ்க்யூஎல்-அப்கிரேட் என்ற நிரலை ஓட்டினால்தான் உள் டேபிள்கள் புதிய பதிப்புக்கு மாறும். 5.6-க்குப் போக வேண்டுமென்றாலும் 5.5 வழியாக ஒவ்வொரு படியாகப் போவதுதான் முறை. ஆரம்பிக்கும் முன்பே முழு டம்ப் ஒன்று எடுத்து வேறு இயந்திரத்தில் வைத்துவிட வேண்டும்.

இது மைஎஸ்க்யூஎல்லோடு முடிகிற விஷயம் இல்லை. 2018 ஆகஸ்ட்டில் ஜிலிப்சி 2.28 வெளிவந்தபோது, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் பெரிதாக மாறின. போஸ்ட்கிரெஸ், வழக்கமாக அந்த விதிகளை நம்பித்தான் உரை இண்டெக்ஸ்களைக் கட்டுகிறது. டெபியன் 9-லிருந்து 10-க்குப் போனவர்களுக்கு எந்தச் சார்புப் பிழையும் வரவில்லை. ஆனால் பழைய விதியில் அடுக்கிய இண்டெக்ஸில் புதிய விதியில் தேடினால், இருக்கிற வரியே இல்லை என்று பதில் வரலாம். இண்டெக்ஸைத் திரும்பக் கட்டினால்தான் சரியாகும்.

திரை நிறைய பிழை வந்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று இலவசமாகச் சொல்கிறது, உட்கார்ந்து படிக்கிறேன். பயம் வருவது பிழையே இல்லாமல் முடியும்போதுதான். அன்று ராத்திரி ஒரு அலாரம் வைத்துக்கொள்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை, இரவு 2 மணி பேக்கப் கோப்பு வந்திருக்கிறதா, அதன் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அதைப் பார்த்த பிறகுதான் மேம்படுத்தல் முடிந்தது என்று எழுதி வைப்பேன்.